மீனுக்கு மூச்சுத் திணறல்

விளாங்குடி,
ஜூன் 9

அன்பு மகள் நாகஜோதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், தொட்டியில் இருக்கிற மீன்களும் சுகம். இதையே உன் அப்பா எழுதியிருந்தால் மீன்களை முதலில் போட்டு, தன்னை அடுத்துப் போட்டு, இடம் மிச்சமிருந்தால் என்னையும் ஓரமாகச் சேர்த்திருப்பார். கால்கரியில் நீயும் மாப்பிள்ளை முத்துக்குமரனும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன்னிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அப்பா வந்து அதைப் பிடுங்கி, கேமராவைத் திருப்பி மீனைக் காட்ட ஆரம்பித்துவிடுகிறார். சாயங்காலமானால் கால் வீங்குகிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது அவர் காதில் விழவில்லை, எனக்கு விழுந்தது. முப்பது வருஷம் கிராமத்து நர்சாக இருந்தவள் சொல்கிறேன், ஊறுகாயையும் அப்பளத்தையும் கொஞ்ச நாளைக்கு மற, இரண்டு தலையணை வைத்துக் காலைத் தூக்கி வைத்துப் படு, அடுத்த தடவை போகும்போது பிரஷர் எவ்வளவு என்று கேட்டு எனக்கு எழுது. வேலைக்கு நடுவில் நேரமில்லை என்றெல்லாம் என்னிடம் சொல்லாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிரசவத்துக்கு இரண்டு பேரும் வருகிறீர்களா, டிக்கெட் போடட்டுமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். உன் அப்பா ஒரு தடவை முழங்கால் வலி என்றார், ஒரு தடவை விமானத்தில் காது அடைக்கும் என்றார், மூன்றாவது தடவை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். நீ உன் மனதுக்குள், காதலித்துக் கல்யாணம் செய்த கோபம் அப்பாவுக்கு இன்னும் போகவில்லை என்று நினைத்து அழுததாக முத்துக்குமரன் எனக்கு மெசேஜ் போட்டிருந்தார். அடி பைத்தியக்காரி, அந்தக் கோபம் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவருக்கு முழங்காலும் நன்றாக இருக்கிறது, காதும் நன்றாகக் கேட்கிறது. கூடத்துத் தொட்டிக்குள் இருக்கிற கடலை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அதை உன்னிடம் சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

அந்தத் தொட்டி நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். மாடியில் குடியிருந்த பேங்க் ஆபீசர் சூர்யபிரகாஷ் கவுகாத்திக்கு மாற்றலாகிப் போகும்போது நான்கு அடி நீளத் தொட்டியையும் அதிலிருந்த கடல் மீன்களையும் எடுத்துப்போக முடியாமல் நின்றார். முதலில் உன் அப்பா, கண்ணாடிப் பெட்டிக்குள் கடலா, வேலையற்ற வேலை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மனிதர் கெட்டிக்காரர். சார், நீங்க ஹெட்மாஸ்டரா இருந்தவங்க, ஒழுங்கு முறை தெரிஞ்சவங்களாலதான் இதைக் காப்பாத்த முடியும், நம்ம தெருவுல வேற யாரு இருக்கா என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருஷமாக இந்த மாதிரி வார்த்தையை யாரும் உன் அப்பாவிடம் சொல்லவில்லை. மறுநாளே நான்கு ஆட்களைப் பிடித்துத் தொட்டியைக் கீழே இறக்கி, கூடத்தில் டிவி இருந்த இடத்தில் வைத்துவிட்டார். டிவி இப்போது படுக்கையறையில் பீரோவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது.

அன்றிலிருந்து இது வீடு இல்லை, பள்ளிக்கூடம். காலை ஆறு மணிக்கு நீல விளக்கு எரியும். உன் அப்பா குளித்து, திருநீறு பூசி, கண்ணாடி போட்டுக்கொண்டு வருகைப் பதிவு எடுப்பார். ஜோடியாக இருக்கிற ஆரஞ்சு வரி மீன்கள் இரண்டு, மஞ்சள் மீன் ஒன்று, ஒரு இறால், அந்த இறாலோடு ஒரே பொந்தில் குடியிருக்கிற குட்டி மீன் ஒன்று. ஐந்தும் வந்தால்தான் அவருக்குக் காபி இறங்கும். பிறகு தண்ணீரில் உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அளந்து நீள நோட்டில் எழுதுவார், இதே வேலை மத்தியானமும் சாயங்காலமும் உண்டு. எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுப் பார், தெரியாது. இதில் பெரிய வேடிக்கை தண்ணீர்தான். நம் தெரு போர் தண்ணீர் உனக்குத் தெரியும், பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, அவ்வளவு உப்பு. அந்த உப்பை எடுப்பதற்காக ஒரு பில்டர் மிஷின் வாங்கி, நான்கு குடம் தண்ணீரை ஊற்றி ஒரு குடம் உப்பில்லாத தண்ணீர் எடுக்கிறார். எடுத்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வாளியில் வருகிற உப்பை அதில் போட்டுக் கலக்குகிறார். எடுத்த உப்புக்கும் போட்ட உப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தார், கடைசியில் புரியாத மாணவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். நான் தூக்கவில்லை, தூக்கினால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். போன வருஷம் கத்திரி வெயிலில் நாங்கள் இரண்டு பேரும் ஃபேனுக்கு அடியில் வெந்துகொண்டிருந்தோம், மீன்களுக்குத் தனியாகச் சில்லர் என்று ஒரு மிஷின் ஓடித் தண்ணீரை இருபத்தாறு டிகிரியில் வைத்துக்கொண்டிருந்தது. வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் இதைப் பார்த்துவிட்டு, எம்புட்டு கிலோ வரும், குழம்புக்கு ஆகுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். பாறையில் பூ மாதிரி விரிந்திருக்கிற பவளத்தை யாராவது செடி என்று சொல்லிவிட்டால் போச்சு, அது செடியல்ல பிராணி என்று அவர்களுக்கும் முக்கால் மணி நேரம். இப்போது சொந்தக்காரர்கள் வருவது குறைந்துவிட்டது. அந்த வகையில் தொட்டிக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஆரஞ்சு ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் பெரியது பெண், சின்னது ஆண். தொட்டியில் அவள் வைத்ததுதான் சட்டம். போன மாதம் பாறையில் முந்நூறு நானூறு முட்டை இட்டாள், இட்டுவிட்டு ராணி மாதிரி சுற்றப் போய்விட்டாள். அந்த ஆண்தான் இரவும் பகலும் முட்டைக்குப் பக்கத்திலேயே நின்று செட்டையால் விசிறிக்கொண்டே இருந்தான், வாயால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தான், சாப்பிடக்கூடப் போகவில்லை. உன் அப்பா நாற்காலியைப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டே, என்ன பொறுப்பு பாரு ஜெயக்கொடி, தகப்பன்னா இவன் தகப்பன் என்று உருகிப்போய்ச் சொன்னார். நீ பிறந்தபோது இந்தத் தகப்பன் பிளஸ் டூ விடைத்தாள் திருத்த மேலூர் போயிருந்தார், மூன்றாம் நாள் வந்து தொட்டிலை எட்டிப் பார்த்து, எடை எவ்வளவு என்று கேட்டார், நான் அவர் குடித்து வைத்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். ஆனால் அந்த முட்டை விஷயம் அவரை எங்கோ பிடித்துவிட்டது. அன்று சாயங்காலம் தானாகவே, நாகஜோதிக்கு எத்தனை மாசம் என்று கேட்டார். எண்ணிச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மே மாதம் பதினைந்தாம் தேதி, முட்டை இட்டு ஐந்தாம் நாள். காலை பத்து மணிக்குத் தெரு முனை டிரான்ஸ்பார்மர் டமார் என்று வெடித்துப் புகை வந்தது. எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிற வெயில், அது என்ன செய்யும் பாவம். லைன்மேன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, வேற டிரான்ஸ்பார்மர்தான் வைக்கணும், நாளைக்குச் சாயந்திரம் ஆயிரும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். நம் இன்வெர்ட்டரில் சில்லர் ஓடாது, தண்ணீரைச் சுழற்றுகிற மோட்டார் மட்டும் ஓடும். பதினோரு மணிக்குத் தொட்டியில் இருபத்தெட்டு டிகிரி, பதினொன்றரைக்கு இருபத்தொன்பது. உன் அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் வாங்கப் போனார். ஐஸ் கடைக்காரர், என்ன சார் பெட்டி நிறைய கேக்குறீங்க, எம்புட்டு மீனு வாங்கிருக்கீங்க என்றாராம். அஞ்சுதான், வீட்டுல உயிரோட இருக்கு என்று இவர் சொல்லியிருக்கிறார். உயிரோட இருக்குற மீனுக்கு எதுக்கு சார் ஐஸு, செத்ததுக்குத்தானே வைப்போம் என்று அந்த மனிதர் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். இவர் அங்கேயும் பாடம் எடுத்தாரோ என்னவோ, திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. ஐஸை நேராகப் போட்டால் உப்பு குறைந்துவிடும் என்று பாலிதீன் பையில் கட்டிக் கட்டி மிதக்கவிட்டோம். அதற்குள் இன்வெர்ட்டரும் கத்த ஆரம்பித்து நின்றுவிட்டது. தண்ணீர் அசையாவிட்டால் மீன்களுக்குக் காற்று கிடைக்காது, ஆகவே பிளாஸ்டிக் கப்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் நூறு தடவை, நான் நூறு தடவை. மஞ்சள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆண் மீன் மட்டும் எதையும் கவனிக்காமல் முட்டையை விசிறிக்கொண்டிருந்தான். உன் அப்பா அறுபத்தைந்து வயது ஆள், சட்டையில்லாமல் வேட்டி நனைந்து நிற்கிறார். வாடகை ஜெனரேட்டருக்கு நாலைந்து இடத்தில் போன் செய்தார், முகூர்த்த நாள், எல்லாமே வெளியே போயிருந்தது. எனக்கு அப்போதுதான் உன் சித்தப்பா நினைவு வந்தது.

உன் சித்தப்பா வீரணன் உசிலம்பட்டியில் பந்தல், சவுண்டு சர்வீஸ், ஜெனரேட்டர் எல்லாம் வைத்திருப்பது நமக்குத் தெரியும், தெரிந்தும் ஒன்பது வருஷமாக அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. அவர் மகனின் காதணி விழாவில் நடந்ததை நீயும் பார்த்தாய். மண்டப வாசலில் நாற்பது அடி ஃப்ளெக்ஸ், அதில் உன் அப்பா படத்துக்குக் கீழே எம்.ஏ., பி.எட். என்று மட்டும் போட்டிருந்தது, எம்.ஃபில். இல்லை. அச்சடித்தவன் இடமில்லை என்று விட்டுவிட்டான். உன் அப்பா அதன் முன்னால் ஐந்து நிமிஷம் நின்றார், அதே ஃப்ளெக்ஸில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளைக்கு மட்டும் எட்டடி இடம் இருந்ததைப் பார்த்தார், சாப்பாட்டில் கை நனைக்காமல் நம்மைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். சித்தப்பாவும் விடவில்லை, காளை வருசா வருசம் பரிசு வாங்குது, எங்கண்ணன் என்னத்தை வாங்குச்சு என்று யாரிடமோ சொல்ல, அது இங்கே வந்து சேர்ந்தது. அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் ஒரு உண்மையை உன்னிடமும் மறைத்துவிட்டேன். நானும் சித்தி பாண்டிச்செல்வியும் பேச்சை நிறுத்தவே இல்லை. வாரத்தில் இரண்டு நாள் பேசிவிடுவோம். என் போனில் அவள் பெயர் கேஸ் சிலிண்டர் என்று இருக்கும்.

அன்றைக்கு உன் அப்பாவிடம் போனைக் கொடுத்து, இதை அமுக்குங்க என்றேன். கரண்டு இல்லாம செத்துக்கிட்டிருக்கோம், கேஸ் கம்பெனிக்கு எதுக்குடி போன் என்று கத்தினார். அமுக்குங்க சொல்றேன் என்றேன். அந்தப் பக்கம் பாண்டிச்செல்வி எடுத்து, சொல்லுங்கக்கா என்றிருக்கிறாள். இவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை ஒன்பது வருஷம் கழித்தும் அடையாளம் கண்டுகொண்டு, போனைத் தூக்கிப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் சித்தப்பா கையில் திணித்துவிட்டாள். இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பற்றித் தனிக் கடிதம் எழுதலாம். ஆனால் கோபப்பட நேரமில்லை. வீரணா, நான் சிவபாண்டி பேசுறேன், ஒரு ஜெனரேட்டர் வேணும் என்றார். சித்தப்பா பதறிப்போய், யாருண்ணே தவறிட்டாக என்று கேட்டார். யாரும் தவறல, மீனுக்கு மூச்சுத் திணறுதுடா, கரண்டு இல்ல, மிஷின் நின்னுபோச்சு, இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்குமான்னு தெரியல என்று சொல்லும்போது உன் அப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சித்தப்பா வேறு எதையும் கேட்கவில்லை. இந்தா வாரேண்ணே என்று ஒரே வார்த்தை.

பிறகுதான் தெரிந்தது, உன் சித்தப்பா மீனு என்பதை ஒரு பிள்ளையின் பெயர் என்று எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அண்ணன் வீட்டில் மீனு என்று ஒரு பேத்தி வந்திருக்கிறது, நம்மிடம் சொல்லவில்லை, இப்போது போய் எந்த மீனு என்று கேட்டால் அசிங்கம் என்று கேட்காமலே கிளம்பிவிட்டார். பாண்டிச்செல்விக்கு எல்லாம் தெரியும், தொட்டியின் நீள அகலம்கூட நான் சொல்லியிருக்கிறேன். அவள் வாயைத் திறக்கவில்லை. ஏண்டி சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். அது தொட்டி மீனுன்னு சொன்னா அந்த மனுசன் சோத்துக் கையக் கழுவாம ஒக்காந்திருப்பாருக்கா, இப்பவாச்சும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கட்டும்னு விட்டுட்டேன் என்றாள். நர்ஸ் வேலைக்கு நான் போயிருக்கக்கூடாது, அவள் போயிருக்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து என்று அவளுக்குத்தான் தெரிகிறது.

இரண்டு மணிக்குக் குட்டியானை என்கிற சின்ன லாரி ஒன்று தெருவுக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. மேலே ஜெனரேட்டர், அதைச் சுற்றித் திருவிழாவுக்குக் கட்டிய சீரியல் லைட்டுகூட அவிழ்க்கவில்லை. செக்கானூரணியில் ரயில்வே கேட் போட்டிருந்ததை வண்டியோட்டி சொல்லும்போதே உன் சித்தப்பா செருப்போடு கூடத்துக்குள் ஓடி வந்தார், கையில் ஒரு டெடி பொம்மை வேறு. எங்க மதினி புள்ள, எந்த ரூம்ல படுக்க வச்சிருக்கீக என்று என்னைக் கேட்டார். உன் அப்பா கப்பும் கையுமாக நின்ற இடத்திலிருந்து தொட்டியைக் காட்டி, அந்தா என்றார். சித்தப்பா தொட்டியைப் பார்த்தார், சுற்றி யாராவது பிள்ளை இருக்கிறதா என்று பார்த்தார், மறுபடி தொட்டியைப் பார்த்தார். மஞ்சள் மீன் ஒருக்களித்து மிதந்துகொண்டிருந்தது. அவர் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன், பொம்மையை அண்ணன் மேல் எறிந்துவிட்டுப் போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அப்போது உன் அப்பா மறுபடியும் தண்ணீரை மொண்டு ஊற்றினார். பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது. தலை முழுக்க நரைத்து, எலும்பு தெரிய நிற்கிற அந்த ஆளைத் தம்பி அப்போதுதான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பொம்மையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒயரை எங்கண்ணே மாட்டணும் என்று கேட்டார்.

ஜெனரேட்டர் ஓடிய சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது, யார் வீட்டில் விசேஷம் என்று இரண்டு பேர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள். சில்லர் ஓடியது, மோட்டார் ஓடியது, ஒரு மணி நேரத்தில் சூடு குறைய ஆரம்பித்தது. சித்தப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தவர் என்பதால் தட்டில் சோறு போட்டேன். உட்கார்ந்தவர் சாப்பிடாமல், சோற்றைப் பிசைந்துகொண்டே, ஏண்ணே, போன தையில எனக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்டு வச்சாங்கெ, எட்டு நாள் ஆஸ்பத்திரில கெடந்தேன், நீ எட்டிப் பாக்கல, இன்னைக்கு மீனுக்குக் கூப்புடுற, நானும் கிறுக்கன் மாதிரி ஓடியாறேன் என்று சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. உன் அப்பா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை, சொன்னால் பாண்டிச்செல்வியோடு பேசுவது தெரிந்துவிடும் என்று பயந்துகொண்டு இருந்துவிட்டேன். இந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு ஜோதி, எல்லோரையும் கிண்டல் செய்து எழுதுகிறேனே தவிர அன்றைக்குத் தலை குனிந்து நின்றவள் நான்தான். உன் அப்பா வந்து தம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார், ஈர வேட்டியோடு. எனக்குத் தெரியாதுடா என்றார். கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும் என்றார் சித்தப்பா. முக்கால் மணி நேரம் பாடம் எடுக்கிற மனிதர், மாத்திரை ஒழுங்காப் போடுறியா என்று மட்டும் கேட்டார். போடுறேன் என்றார். சரி சாப்பிடு என்று சொல்லி, எழுந்து போய் உப்பு ஊறுகாய் எல்லாம் அவர் தட்டுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். அது போதும் என்று எனக்குத் தோன்றியது. சித்தப்பாவுக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும், சாப்பிட ஆரம்பித்தார்.

மஞ்சள் மீன் பிழைக்கவில்லை. சாயங்காலம் அடியில் போய்ப் படுத்தது, எழவில்லை. உன் அப்பா அதைக் கையில் ஏந்திக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, சித்தப்பாவே கறிவேப்பிலை மரத்தடியில் குழி தோண்டினார். தோண்டும்போது, ஏண்ணே இது வறுத்தா எப்பிடி இருக்கும் என்று கேட்டார். உன் அப்பா முறைத்தார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பவளத்தில் பாதி வெளுத்துப்போனது. மறுநாள் இரவு வரை சித்தப்பா இங்கேயே இருந்து, டிரான்ஸ்பார்மர் வந்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினார். முட்டைகள் பிழைத்தன, மூன்று நாள் கழித்துப் பொரிந்தும் விட்டன. ஆனால் அந்தக் குஞ்சுகளுக்குக் கொடுக்க வேண்டிய கண்ணுக்குத் தெரியாத தீனி மதுரையில் கிடைக்கவில்லை, இரண்டு நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உன் அப்பா நோட்டில் அந்தத் தேதிக்கு நேராக ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார். அதைப் பற்றி நானும் கிண்டல் செய்யவில்லை.

சித்தப்பா போகும்போதுதான், அந்தப் பொம்மை இங்கேயே இருக்கட்டும், பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஆகும் என்று நான் சொல்லப்போக, நீ உண்டாகியிருப்பது அவருக்குத் தெரிந்தது. அவருக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பேரப்புள்ள பொறக்கப் போகுது, நீ மீனைக் கட்டிக்கிட்டு இங்க ஒக்காந்திருக்கியாண்ணே, கிளம்பு, மூணு மாசம்னாலும் ஆறு மாசம்னாலும் நான் வந்து இருந்து பாத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டார். உன் அப்பா உடனே சரி என்று சொல்வாரா? ஹெட்மாஸ்டர் ஆயிற்றே. யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ள முடியாது, பயிற்சி வேண்டும் என்றார். மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் சித்தப்பாவும் சித்தியும் இங்கே வருகிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் சத்தமாகவே பேசிக்கொள்கிறோம், கூடத்தில் வகுப்பு நடக்கிறது. முந்தாநாள் பரீட்சை. ஆமாம், எழுத்துத் தேர்வு, முப்பது கேள்வி, ஒன்றரை மணி நேரம். எட்டாம் வகுப்போடு நின்ற உன் சித்தப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதினார். கரண்டு போனால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்விக்கு, ஜெனரேட்டரைப் போடணும் என்று எழுதியிருந்தார். உன் அப்பா அதற்குச் சுழி போட்டு, பதற்றப்படாமல் இருத்தல் என்பதே சரியான விடை என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார். மொத்தம் அறுபத்திரண்டு மார்க், தேர்ச்சிக்கு எழுபத்தைந்து வேண்டும், அடுத்த மாதம் மறுபடி எழுதட்டும் என்றார். அன்னைக்குப் பதறாம இருந்திருந்தா ஒனக்கு மீனு இருந்திருக்குமா, எல்லாம் பொணமாத்தான் மெதந்திருக்கும் என்று சித்தப்பா எகிற, விடைத்தாளைப் பற்றி விளக்கம் கேட்கும் முறை இதுவல்ல என்று இவர் எழுந்து நிற்க, பாண்டிச்செல்வி கையிலிருந்த கரண்டியோடு என்னைப் பார்த்தாள். இன்னொரு ஒன்பது வருஷம் என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. நேராகப் போய் உன் அப்பா கையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பிடுங்கி, அறுபத்திரண்டை அடித்து நூறு என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தும் போட்டேன். உன் அப்பா அந்தத் தாளை எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார், தேதி போடல நீ என்றார். தேதியும் போட்டேன். சித்தப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஊரில் கண்ணாடி போட்டு மாட்டப்போகிறாராம்.

ஆகவே இரண்டு டிக்கெட்டாகவே போட்டுவிடு, செப்டம்பர் கடைசி வாரத்தில் வருகிற மாதிரி பார். உன் அப்பாவுக்கு ஜன்னல் ஓரம் வேண்டாம், என் ஒருத்திக்கே வழிநெடுகப் பாடம் எடுப்பார், நடு இருக்கை போடு, அந்தப் பக்கம் யார் வருகிறார்களோ அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பிரசவம் ஆகிற அன்று அவரை எங்கேயும் அனுப்பாதே என்று முத்துக்குமரனிடம் சொல், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் ஊரில் கடல் மீன் விற்கிற கடை இருந்தால் அந்தத் தெரு வழியாக மட்டும் அவரைக் கூட்டிப்போகாதீர்கள். சித்தப்பாவுக்கு ஒரு தடவை நீயே போன் செய்து பேசு, பொம்மையை நான் எடுத்து வருகிறேன் என்று சொல், ரொம்ப சந்தோஷப்படுவார். இரும்புச் சத்து மாத்திரையை டீ குடித்த கையோடு போடாதே, ஒரு மணி நேரம் இடைவெளி விடு, நடு ராத்திரி பசித்தால் சோம்பல்படாமல் எழுந்து எதையாவது சாப்பிடு. மாப்பிள்ளைக்கும் உனக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் அங்காள ஈஸ்வரி துணை இருப்பாள். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, நோய் நொடி இல்லாமல் நீங்கள் மூன்று பேரும் நெடுநாள் வாழ வேண்டும். இந்தக் கடிதம் எழுதியது உன் அப்பாவுக்குத் தெரியாது, அவர் கேட்டால் கேஸ் கம்பெனிக்கு எழுதினேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
ஜெயக்கொடி